2012இல் வரைந்த மலைக்கோட்டை, 2025இல் வரைந்த மலைக்கோட்டை: எதை வைத்து ஒப்பிடுவது?

காவிரிப்பாலம் | 20 ஜூலை 2025

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆபீஸில் கணக்குப் பிரிவு. வாட்டர் கலர் பிரஷைத் தொட்டதே முப்பத்தி நாலாவது வயதில்தான். அதற்கு முன்பு பள்ளிக்கூடத்தில் மாம்பழமும் குடமும் வரைந்ததோடு சரி. வெளியில் உட்கார்ந்து நான் வரைந்த முதல் இயற்கைக் காட்சி, காவிரிப் பாலத்து நடைபாதையிலிருந்து தெரிகிற மலைக்கோட்டை. தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: 15.7.2012, ஞாயிறு, காலை 6.40. கணக்கு எழுதுகிற கை, தேதி போடாமல் எதையும் விடாது.

அந்த வருஷம் மேட்டூரை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. ஜூலை பாதி ஆகியும் பாலத்துக்குக் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். நடுவில் ஒரு ஊற்றுக்குட்டை, அதை ஒட்டிப் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தனியாக உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்ப்பார்கள் என்று அம்மா துணைக்கு வந்தாள். தாளில் வெயில் அடிக்காமல் குடை பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றாள். பஸ் போகும்போதெல்லாம் பாலம் அதிரும். அந்த அதிர்வு படத்தில் அப்படியே இருக்கிறது. மலையின் இடதுபக்கக் கோடு மூன்று இடத்தில் நடுங்கியிருக்கும்.

அம்மாவுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. என்னைக் கேட்காமலே பிரேம் போட்டு, ஹாலில் மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டாள். பதிமூன்று வருஷம் அங்கேயே இருந்தது. இந்தப் பிப்ரவரியில் அம்மா தவறிவிட்டாள். போன வாரம் வெள்ளையடிக்க ஆள் வந்தபோதுதான் படத்தைக் கீழே இறக்கினேன்.

ஆணிகளை நெம்பி, பின்னட்டையை எடுத்து, படத்தின் ஓரத்தைச் சுற்றி மறைக்கிற மவுண்ட் அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மேல் ஓரத்தில், மவுண்ட் மறைத்திருந்த சுண்டுவிரல் அகலத்துக்கு, வானம் ரத்தச் சிவப்பும் ஊதாவுமாக இருந்தது. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெளுத்த சாம்பல் நீலம். செவ்வானம் போட்டிருந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அது எப்போது போனது என்று தெரியவில்லை. தினமும் கண்ணில் பட்டதுதான், ஒரு நாளும் கவனித்ததில்லை.

பிறகு ஒரு ஆசை வந்தது. ஜூலை 13, அதுவும் ஞாயிறு, அதே நடைபாதை, காலை ஆறரை. இப்போது என்னிடம் தடிமனான 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர், நல்ல ட்யூப் கலர்கள், முனை கூடி நிற்கிற பிரஷ் எல்லாம் இருக்கின்றன. இந்த வருஷம் ஜூன் 12இல் திறந்து, மாதக் கடைசியில் அணையே நிரம்பிவிட்டதால் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். வானத்துக்கு ஒரே வாஷ் (தண்ணீர் கலந்த வண்ணத்தின் சீரான பூச்சு), திட்டுத் திட்டாகக் காயாமல் இறங்கியது. மலைக்கு அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல். தாயுமானவர் சன்னிதி விமானத்தை எண்ணி எண்ணி வரையாமல் நாலே தொடுதலில் விட்டேன். உச்சிப்பிள்ளையார் மண்டபம் இருக்கிற இடத்தில் நிற்கிறது. ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பழையதைத்தான் குனிந்து பார்த்தார்கள். பத்தாவது படிக்கிற என் மகள் சொன்னாள்: "புதுசு நல்லாருக்கும்மா. ஆனா பழசுல அந்தப் பசங்க யாருன்னு கேட்கத் தோணுது."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பதிமூன்று வருஷம், எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். கை முன்னேறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் படம் முன்னேறியிருக்கிறதா? இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, வெளுத்துப்போன படத்தை இப்போதிருக்கிற நிலையில் ஒப்பிடுவது நியாயமா, அல்லது அந்த ஓரக் கீற்றில் இருக்கிற வண்ணத்தை மனசில் நிரப்பிக்கொண்டு பார்க்க வேண்டுமா? இரண்டு, நீங்கள் பழைய படத்தை எடுத்துப் பார்க்கும்போது எதைப் பார்ப்பீர்கள்?

இரண்டு படமும் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். மவுண்ட் ஓரத்தின் நெருக்கமான போட்டோவும் இருக்கிறது.

---

மதுரை பிரேம் கடை | 20 ஜூலை 2025

வணக்கம்மா. இருபத்தாறு வருஷமா பிரேம் போடுறேன். வரையத் தெரியாது, ஆனா வெளுத்த படம் நூத்துக்கணக்குல பாத்தாச்சு. உங்க முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன்.

அந்த ஓரக் கீத்துதான் நிஜம். மத்தது வெயில் தின்னது போக மிச்சம். மாணவர்கள் வாங்குற கலர்ப் பெட்டியில கிரிம்சன்னு ஒரு அடர் சிவப்பு இருக்கும். நிறைய பெட்டில அது அலிசரின்தான், ட்யூப்ல சின்ன எழுத்துல பிஆர் 83ன்னு நிறமி நம்பர் போட்டிருப்பாங்க. ஜன்னலுக்கு எதிர்ல மாட்டினா நிக்கவே நிக்காது. அதுவும் தண்ணி அதிகம் விட்டு மெல்லிசா பூசின இடம் சீக்கிரம் போயிரும். கெட்டியா பூசின இடம் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். நம்ம ஊர் சாயவேர்ல இருக்கறதும் இதே அலிசரின்தான்மா. படிகாரம் போட்டு நூல்ல ஏத்தினா எத்தனை துவையலும் தாங்குற சிவப்பு, காகிதத்து மேல மெல்லிசா பூசினா நிக்க மாட்டேங்குது. எனக்கு இது இன்னைக்கும் ஆச்சரியம்தான்.

கண்ணாடி போட்டா வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சுக்குவாங்க. சாதாரணக் கண்ணாடி தூசியைத் தடுக்கும், ஈரக்கையைத் தடுக்கும். வெளிச்சம் உள்ள போகாமலா நாம படத்தைப் பாக்குறோம்?

உங்க போட்டோவை நல்லாப் பெருசாக்கிப் பாத்தேன். இதைக் கவனிங்க: மணல் போகலை. ஓரத்துல மவுண்ட்டுக்கு அடியில இருக்குற மணலும் வெளியில இருக்குற மணலும் ஒரே கலர். நீங்க யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா மாதிரி மண் கலர்தான் போட்டிருக்கணும். அதெல்லாம் சாமானியமா போகாது. வானம்தான் போயிருக்கு. மலையில கிரிம்சனைக் கறுப்போட கலந்திருந்தா, சிவப்பு போயி கறுப்பு மட்டும் நிக்கும். அதான் மலை கரிக்கட்டை மாதிரி தெரியுது.

ரெண்டு விஷயம் மட்டும் பாத்துக்கங்க. வெளுத்த இடத்துல புதுக் கலர் தொட்டுச் சரிபண்றேன்னு இறங்கிராதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். அப்புறம், பழைய மவுண்ட் அட்டையைத் திரும்பப் போடாதீங்க. உள் ஓரத்துல பழுப்புக் கோடு தெரியுது பாருங்க, அது அட்டையில இருக்குற அமிலம் தாள்ல இறங்கினது. அமிலம் இல்லாத அட்டைன்னு கேட்டு வாங்குங்க. படத்தை ஜன்னல் வெளிச்சம் நேரா விழாத சுவர்ல மாட்டுங்க.

முழு வானமும் எப்படி இருந்திருக்கும்னு பாக்கணும்னா, போன்ல போட்டோவைத் திறந்து, அந்தக் கீத்துல இருந்து கலரை எடுத்து வானத்துல நிரப்பிப் பாருங்க. உங்கம்மா முதல் நாள் சுவர்ல மாட்டுனப்ப பாத்தது அதுதான்.

---

குடந்தை டிராயிங் மாஸ்டர் | 21 ஜூலை 2025

அம்மாவின் இழப்புக்கு என் வருத்தங்கள்.

நான் கும்பகோணத்தில் படித்து, முப்பத்தோரு வருடம் பள்ளிகளில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் இரண்டாவது கேள்விதான் என் ஆயுள் முழுக்கப் பிள்ளைகள் என்னைக் கேட்ட கேள்வி. உங்கள் படங்களை நேற்று இரவும் பார்த்தேன், இன்று காலை வெளிச்சத்திலும் பார்த்தேன். பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் இரண்டு படத்தையும் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். வண்ணம் நம் கண்ணை மயக்கும், டோன், அதாவது வெளிறலும் அடர்த்தியும், மயக்காது. பழைய படத்தில் மலையும், முன்னால் நிற்கிற தென்னை மரமும் ஒரே கறுப்பு. அதனால் மலை ஆற்றைத் தாண்டி நிற்காமல் மரத்துக்குத் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறது. புதியதில் மலை இரண்டு படி வெளிறியிருக்கிறது, ஓரங்கள் காற்றில் கரைகின்றன, தூரம் தெரிகிறது. இது சின்ன விஷயமில்லை. மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு மூன்று வருடம் ஆகும்.

அடுத்தது நிழல். காலை 6.40க்கு, அந்தப் பாலத்திலிருந்து தென்கரையைப் பார்த்தால் சூரியன் உங்களுக்கு இடதுபுறம். மலையில் வலதுபக்கம் நிழல் சரியாக விழுந்திருக்கிறது. ஆனால் தென்னையில் நிழல் இடதுபக்கம் இருக்கிறது. அந்த மரத்தை நீங்கள் அங்கே வரையவில்லை, வீட்டுக்கு வந்து வரைந்திருக்கிறீர்கள். சரிதானா?

அதேபோல அந்தச் செவ்வானம். ஜூலையில் சூரியன் ஆறு மணி வாக்கிலேயே உதித்துவிடும், அதுவும் வடகிழக்கில். 6.40க்கு மலைக்கோட்டைக்குப் பின்னால், தெற்கில், அப்படி ஒரு ரத்தச் சிவப்பு வானம் இருந்திருக்க வழியில்லை. சூரிய உதயம் என்றால் சிவப்பு என்று மனதில் பதிந்ததைப் போட்டிருக்கிறீர்கள்.

இப்போது மணலுக்கு வருகிறேன். அந்தப் படத்தில் மணல் மட்டும் ஐந்து வண்ணம். குட்டையை ஒட்டி ஈர மணல் அடர்த்தியாக இருக்கிறது. பிட்ச்சில் மிதிபட்ட மணல் வெளிறியிருக்கிறது. பழைய நீரோட்டம் விட்டுப்போன வரிகளில் ஒரு சாம்பல் தடவியிருக்கிறது. தூரத்து மணலில் மஞ்சளே இல்லை, கொஞ்சம் ஊதா இருக்கிறது. முப்பத்தி நாலு வயதில் முதல் முறை வெளியில் உட்கார்ந்தவர் தூர மணலில் ஊதாவைக் கண்டுபிடித்திருக்கிறார் என்றால், அவர் அங்கே கண்ணால் பார்த்து வரைந்திருக்கிறார். உங்கள் மகள் அந்தப் பையன்களைக் கேட்டது சும்மா இல்லை. அவர்கள் நிற்கிற தரை நிஜம்.

புதிய படத்தில் ஆறு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே அழுத்தம். சுத்தமான வாஷ், கைதேர்ந்த வாஷ். ஆனால் தண்ணீரைப் பார்த்துப் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. வாஷ் போடத் தெரிந்துவிட்டதால் போட்டது.

ஆகவே பழையதா புதியதா என்று முழுப் படமாக வைத்துக் கேட்காதீர்கள். படத்துக்குள் பகுதி பகுதியாகப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் இதைப் பார்த்தேனா, நினைத்துப் போட்டேனா என்று கேளுங்கள். உங்கள் 2012 படத்தில் மணல் பார்த்தது, வானமும் மரமும் நினைத்தது. 2025இல் மலை பார்த்தது, ஆறு நினைத்தது.

இன்னொரு செய்தி. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792இல் தென்னாட்டுக்கு வந்து சுற்றியபோது, காவிரியிலிருந்து தெரியும் இதே திருச்சி மலையை வரைந்தார்கள். பிறகு லண்டனில் அதை அச்சுப் படமாகச் செதுக்கி, கையால் வண்ணம் தீட்டி வெளியிட்டார்கள். நேரில் பார்த்தது பாதி, ஊருக்குப் போய் முடித்தது பாதி. மரத்தை வீட்டில் வந்து வரைந்ததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. எது எங்கே வரைந்தது என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஒரு வேலை தருகிறேன், முடிந்தால் செய்யுங்கள். தாள் மாறிவிட்டது, வண்ணம் மாறிவிட்டது, ஆறும் மாறிவிட்டது. இத்தனை மாறினால் கையை மட்டும் எப்படி அளப்பது? 2012இல் வாங்கிய அதே தரத்தில் டிராயிங் ஷீட்டும் பன்னிரண்டு ட்யூப் பெட்டியும் வாங்கிக்கொண்டு, அதே இடத்தில், அதே ஒன்றரை மணி நேரத்தில் ஒரு படம் போடுங்கள். அதையும் சேர்த்து மூன்றாக வைத்துப் பாருங்கள்.

---

மலைச்சாரல் | 21 ஜூலை 2025

மாஸ்டர் சொல்வது அத்தனையும் சரி. ஆனாலும் நான் வேறு மாதிரி நினைக்கிறேன்.

கோத்தகிரியில் இருக்கிறேன், தேயிலைச் சரிவுகளைத்தான் பெரும்பாலும் வரைகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு பழைய படங்களையெல்லாம் எடுத்துப் பரப்பி இப்படித்தான் ஒப்பிட ஆரம்பித்தேன். அதற்கப்புறம் நாலு மாசம் பிரஷைத் தொட முடியவில்லை. புதுசாக ஒரு சரிவைப் பார்த்தாலே, இதை முன்னே எப்படிப் போட்டேன், இப்போது அதைவிட நன்றாக வருமா என்றுதான் மனசு ஓடியது. மூடுபனி நமக்காகக் காத்திருக்காது அக்கா. நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலையில் அது எழும்பிப் போய்விட்டது.

இப்போது வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான் பழைய கட்டைப் பிரிப்பேன். மற்ற நாளில் கயிறு கட்டி பீரோ மேலே. உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் சொல்கிறேன். கொஞ்ச நாள் இரண்டையும் மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

---

எட்டு மாசத் தூரிகை | 22 ஜூலை 2025

அக்கா, நான் ஆரம்பிச்சு எட்டு மாசம்தான் ஆகுது. திருநெல்வேலி. முதல்ல போட்ட படத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டேன், பாக்கவே சகிக்கல. தாமிரபரணி, குறுக்குத்துறை முருகன் கோயில், எல்லாம் சேறு மாதிரி வந்துச்சு. இதைப் படிச்சதும் பக்குன்னு ஆயிருச்சு. இனிமே வெச்சிருக்கணுமா? எல்லாத்தையுமா, நல்லதை மட்டுமா?

அப்புறம் பிரேம் கடை அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. என் பெட்டியிலயும் கிரிம்சன் இருக்கு. நிக்குமா நிக்காதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

---

மதுரை பிரேம் கடை | 22 ஜூலை 2025

தம்பி, ட்யூபைத் திருப்பி நம்பரைப் பாருங்க. பிஆர் 83ன்னா போயிரும். பிவி 19ன்னு இருந்தா அது குவினாக்ரிடோன், நல்லா நிக்கும். நம்பரே போடலைன்னா நீங்களே சோதிச்சுப் பாத்துக்கங்க. ஒரு துண்டு தாள்ல பெட்டியில இருக்குற எல்லாக் கலரையும் பட்டை பட்டையா பூசுங்க, கெட்டியா ஒரு பாதி, தண்ணி விட்டு ஒரு பாதி. காஞ்சதும் குறுக்கால சரிபாதியை அலுமினிய ஃபாயில் போட்டு மூடி, வெயில் விழுற ஜன்னல்ல ஒட்டிருங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் பிரிச்சா எது எவ்வளவு போகுதுன்னு தெரிஞ்சிரும். 1888லயே இங்கிலாந்துல ரஸ்ஸல், ஆப்னின்னு ரெண்டு பேர் வாட்டர் கலர்ப் பட்டைகளை வெளிச்சத்துல வெச்சு ஆராய்ச்சி பண்ணி அறிக்கை கொடுத்திருக்காங்க. காத்தும் ஈரமும் இல்லாத கண்ணாடிக் குழாய்ல அடைச்சு வெச்ச கலர் பெரும்பாலும் அப்படியே நின்னுச்சாம். நம்ம ஊர்ல வெளிச்சத்துக்கும் குறைச்சல் இல்ல, ஈரக்காத்துக்கும் குறைச்சல் இல்ல. அதான் சொல்றேன், சோதிச்சுட்டு வாங்குங்க.

---

காவிரிப்பாலம் | 23 ஜூலை 2025

எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர் ஐயா, மரம் வீட்டில் வந்து போட்டதுதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று படித்ததும் உடம்பே சிலிர்த்துவிட்டது. அன்று எட்டேகாலுக்கு அம்மா கை வலிக்கிறது என்றாள், கிளம்பிவிட்டோம். இடதுபக்கம் காலியாக இருக்கிறதே என்று சாயங்காலம் கொல்லைத் தென்னையைப் பார்த்து வரைந்து சேர்த்தேன்.

பிரேம் கடை அண்ணா சொன்னபடி வானத்தைப் போனில் நிரப்பிப் பார்த்தேன். சிவப்பு வானம் வந்ததும் மணல் மங்கிவிட்டது, பையன்கள் கண்ணிலேயே படவில்லை. நான் வரைந்த அன்று என் படம் அப்படித்தான் இருந்திருக்கிறது. வெயில் வந்து வானத்தை அழித்தபிறகுதான் மணல் மேலே வந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்க்கிற படத்தில் பாதியை அந்த மேற்கு ஜன்னல்தான் வரைந்திருக்கிறது.

மலைச்சாரல், நீங்கள் சொன்னது மனசில் தைத்தது. மேஜையிலிருந்து எடுத்துவிட்டேன். மாஸ்டர் கொடுத்த வேலையை மட்டும் செய்துவிட்டு நானும் கயிறு கட்டிவிடுகிறேன்.

தம்பி, ஒன்றையும் கிழிக்காதே. நல்லதை மட்டும் வைப்பேன் என்றால், எது நல்லது என்று இன்றைக்கு நீ எடுத்த முடிவைத்தான் வைத்திருப்பாய். எனக்கு அன்று பிடித்தது அந்த வானம்தான். மணலை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. சேறாக வந்தாலும் வை. பின்னால் தேதியும் நேரமும் எழுது, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாய் என்றும் எழுது.

---

காவிரிப்பாலம் | 11 ஆகஸ்ட் 2025

மாஸ்டர் ஐயா, நேற்று போட்டுவிட்டேன். ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு, பாலத்தில் நிற்க இடம் கிடைக்காது என்று ஒரு வாரம் தள்ளினேன்.

டிராயிங் ஷீட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற பன்னிரண்டு ட்யூப் பெட்டியும் வாங்கினேன். மகள் குடை பிடித்தாள். ஆறு முப்பத்தைந்துக்கு உட்கார்ந்து, இருபது நிமிஷம் தாளைத் தொடவே இல்லை, ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இருபது நிமிஷம் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பாலத்தூணில் மோதுகிற இடத்தில் தண்ணீர் காப்பி நிறம், மேலே அழுக்கு வெள்ளையாக நுரை. கொஞ்சம் தள்ளி, சுழி சுழியாகப் போகிற இடத்தில் பச்சையும் பழுப்பும் மாறி மாறி வருகிறது. நடு ஆற்றில் நிறமே இல்லை, வானம் மட்டும். அந்தக் கரையை ஒட்டி மரத்தின் நிழல் விழுந்து, தண்ணீர் என்றே சொல்ல முடியாத ஒரு கரும்பச்சை. ஒரு மாதம் முன்பு இதே இடத்தில் உட்கார்ந்து இதில் ஒன்றையும் பார்க்காமல் வாஷ் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

தாள் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. இரண்டாவது முறை பிரஷ் பட்டால் நார் நாராகக் கிளம்புகிறது. தண்ணீர் விட்டால் அப்பளம் மாதிரி நெளிகிறது. 2012இல் இதே தாளில் வானம் திட்டுத் திட்டாகக் காய்ந்ததற்கு என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பாதி தாளின் வேலை. ஆனால் அன்று காயாத இடத்தில் மறுபடி மறுபடி தொட்டிருக்கிறேன், பூக்கோசு மாதிரி விரிந்திருக்கிறது. நேற்று தொடவில்லை. காயட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க முடிந்தது. பதிமூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டது அந்தக் காத்திருப்பு என்று தோன்றியது.

மலை நன்றாகவே வந்தது. அந்தப் பெட்டியில் இருந்த பழுப்பையும் நீலத்தையும் கலந்து போட்டேன், கறுப்பு ட்யூபைத் திறக்கவில்லை. லூர்து மாதா கோயில் கூம்பை மெல்லிசாக ஒரே இழுப்பில் போட்டேன். பஸ் போகும்போது பிரஷைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று கைக்கே தெரிகிறது. 2022இல் பாலத்தை மூடி ஆறு மாசம் ரிப்பேர் பண்ணினார்களே, அதற்கப்புறமும் உட்கார்ந்து வரைகிறவருக்குக் கொஞ்சம் அதிர்வு தெரியத்தான் செய்கிறது.

வானத்துக்குச் சிவப்பு போடவில்லை. சிவப்பாக இல்லை.

மூன்றையும் கறுப்பு வெள்ளையாக்கி வரிசையாக வைத்துப் பார்த்தேன். நேற்றைய படம் மூன்றில் அழுக்கானது. தாள் கீழ் வலது மூலையில் கிழிந்தே போய்விட்டது. ஆனால் ஆற்றில் நாலு டோன் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். நடுவில் நுரையோடு ஒரு ஆகாயத்தாமரைத் திட்டு மிதந்து போனது, அதையும் பிடித்துவிட்டேன். மகள் அதில் விரல் வைத்து, "இது எங்கேம்மா போகும்?" என்றாள்.

பிரேம் கடை அண்ணா, புதுப் பெட்டியின் பன்னிரண்டு கலரையும் பட்டை போட்டுப் பாதி மறைத்து, அந்த மேற்கு ஜன்னலிலேயே ஒட்டியிருக்கிறேன். பழைய படம் அமிலம் இல்லாத அட்டையோடு பூஜை அறைக்கு வெளியே உள்சுவருக்குப் போய்விட்டது. அங்கே நேர் வெளிச்சம் கிடையாது. ஓரக் கீற்று வெளியில் தெரிகிற மாதிரி மவுண்ட்டைக் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொன்னேன். கடைக்காரர், படம் அசிங்கமாகிவிடும் என்றார். பரவாயில்லை என்றேன்.

நேற்றைய படத்தின் பின்பக்கம் எழுதியது: 10.8.2025, ஞாயிறு, காலை 6.35, தெற்கு பார்த்து, ஆறு நிறையத் தண்ணீர். குடை: மகள். பழையதை பிரேமுக்குக் கொடுக்கும் முன்பு அதன் பின்பக்கமும் ஒரு வரி சேர்த்தேன். தேதியும் நேரமும் ஏற்கெனவே இருந்தன. குடை: அம்மா.

---

குடந்தை டிராயிங் மாஸ்டர் | 11 ஆகஸ்ட் 2025

போட்டோ பார்த்தேன். அந்தக் கரையோரக் கரும்பச்சை பிரமாதம். அக்கரை மரங்களைத் தண்ணீரைவிட ஒரு படி வெளிறப் போட்டிருக்கிறீர்களே, அது கண்ணால் பார்த்ததா?

---

காவிரிப்பாலம் | 11 ஆகஸ்ட் 2025

பார்த்ததுதான் ஐயா. மரத்தில் வெயில் பட்டிருந்தது.